மைக்ரோவேவ் ஆம்ப்ளிஃபயருக்கு எந்த பயாஸ் சப்ளை: கேட்டுக்கு ஒன்று, டிரெயினுக்கு ஒன்று

பயாஸ் சப்ளையில் (டிரான்சிஸ்டரை வேலை செய்யும் நிலையில் வைக்கும் டிசி சப்ளை) இருக்கும் இரைச்சல், ஆம்ப்ளிஃபயரின் நாய்ஸ் ஃபிகரை (அது தானாகச் சேர்க்கும் இரைச்சலின் அளவு) நேரடியாகக் கெடுப்பதில்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் பலர் பணத்தைத் தவறான இடத்தில் போடுகிறார்கள். சப்ளையின் இரைச்சல் சில ஹெர்ட்ஸிலிருந்து சில மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் பரவியிருக்கும். உங்கள் சிக்னலோ 1420 மெகாஹெர்ட்ஸிலோ 10 கிகாஹெர்ட்ஸிலோ இருக்கிறது. பைபாஸ் கெபாசிட்டர் ஒழுங்காக இருந்தால் இரண்டும் நேராகச் சந்திக்க வழியே இல்லை. சந்திக்கவைப்பது டிரான்சிஸ்டர்தான். அதன் கட்டுப்பாட்டுக் காலான கேட்டின் வோல்டேஜ் ஆடினால் கெயின் ஆடும், ஃபேஸ் ஆடும். அந்த ஆட்டம் உள்ளே போகிற சிக்னலின் இரண்டு பக்கமும் சைடுபேண்டாக ஒட்டிக்கொள்ளும்.

அதனால் எந்த சப்ளை என்பதற்கு முன்னால், ஆம்ப்ளிஃபயர் என்ன வேலை செய்யப்போகிறது என்று பார்க்க வேண்டும். பெங்களூரில் இந்த வேலை மூன்று விதமாக வரும். பீன்யா பக்கத்துப் பட்டறைகளில் செய்யும் சாதாரண ரிசீவர் எல்என்ஏ (குறைந்த இரைச்சல் ஆம்ப்ளிஃபயர்) ஒன்று. ரேடார், சின்தசைசர் வேலைக்கான, ஃபேஸ் நாய்ஸ் (ஃபேஸின் நடுக்கம்) முக்கியமான லோக்கல் ஆசிலேட்டர் ஆம்ப்ளிஃபயர் இரண்டு. மொட்டைமாடியில் டிஷ் வைத்து விண்வெளி ஹைட்ரஜனின் 1420 மெகாஹெர்ட்ஸ் கோடு பார்க்கும் மாணவர்களின் ரேடியோமீட்டர் (ரேடியோ சக்தியை அளக்கும் கருவி) மூன்று. மூன்றுக்கும் ஒரே சப்ளை சரிவராது.

முதலில் ஐந்து நிமிட அளவீடு

எதையும் வாங்குவதற்கு முன் உங்கள் பலகையின் உணர்திறனை அளந்துவிடுங்கள். நெட்வொர்க் அனலைசரை மைனஸ் 30 டிபிஎம் அளவில் வைத்து, கேட் வோல்டேஜை 10 மில்லிவோல்ட் நகர்த்தி, கெயினும் ஃபேஸும் எவ்வளவு மாறின என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து கேட்டைத் தொடாமல் டிரெயினை (கரண்ட் ஓடும் கால்) 100 மில்லிவோல்ட் நகர்த்தி அதையே செய்யுங்கள். பெரும்பாலான பலகைகளில், ஒரு மில்லிவோல்ட்டுக்கு என்று கணக்கிட்டால் கேட்டின் பாதிப்பு டிரெயினைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கும்.

காரணம் எளிது. ஏடிஎஃப்-54143 என்ற டிரான்சிஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 3 வோல்ட், 60 மில்லி ஆம்பியரில் அதன் டிரான்ஸ்கண்டக்டன்ஸ் சுமார் 410 மில்லி சீமன்ஸ். கேட்டில் ஒரு மில்லிவோல்ட் ஆடினால் டிரெயின் கரண்ட் 0.41 மில்லி ஆம்பியர் ஆடும். டிரெயின் வோல்டேஜ் ஒரு மில்லிவோல்ட் ஆடினால் கரண்டில் வரும் மாற்றம் மிகச் சிறியது, ஏனென்றால் டிரான்சிஸ்டர் சாச்சுரேஷனில் இருக்கிறது.

கேட்டில் 10 மில்லிவோல்ட்டுக்கு ஃபேஸ் ஒரு டிகிரி நகர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். அதாவது வோல்ட்டுக்கு 1.75 ரேடியன். அப்படியானால் கேட்டில் ஒரு மில்லிவோல்ட் உச்சம் உள்ள ரிப்பிள் (சப்ளையின் சீரான ஏற்ற இறக்கம்), கேரியருக்கு (மூல சிக்னலுக்கு) 61 டெசிபல் கீழே ஒரு சைடுபேண்டை எழுப்பும். 20 மில்லிவோல்ட் என்றால் அது 35 டெசிபல் மட்டுமே கீழே என்ற அளவுக்கு ஏறிவிடும். ரேடார் வேலைக்கு அது கண்ணுக்கு முன்னால் நிற்கும் பொய் இலக்கு. இந்த உணர்திறன் ஒவ்வொரு பலகைக்கும் மாறும். கீழே வரும் கணக்குகளில் 1.75ஐ உதாரணமாகப் பிடித்திருக்கிறோம், உங்கள் எண்ணை அங்கே போட்டுக்கொள்ளுங்கள்.

டிரெயின் பக்கம்

எல்எம்317 என்ற சாதாரண வோல்டேஜ் ரெகுலேட்டரை யாரும் இழிவாகப் பார்க்க வேண்டியதில்லை. அதன் இரைச்சல் அவுட்புட் வோல்டேஜில் 0.003 சதவீதம், 10 ஹெர்ட்ஸ் முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரை. 5 வோல்ட்டில் அது 150 மைக்ரோவோல்ட். சராசரியாக 1.5 மைக்ரோவோல்ட்/√ஹெர்ட்ஸ். அட்ஜஸ்ட் காலிலிருந்து கிரவுண்டுக்கு 10 மைக்ரோ ஃபாரட் போட்டால் இரைச்சல் 1.25 வோல்ட்டுக்கு உரிய அளவுக்கு, அதாவது நான்கில் ஒரு பங்குக்கு இறங்கும். 100 ஹெர்ட்ஸ் ரிப்பிள் தடுப்பும் நன்றாகக் கூடும். அந்தக் கெபாசிட்டர் இல்லாத எல்எம்317 பலகைகளை இன்னும் நிறையப் பார்க்க முடிகிறது. சில ரூபாய் மிச்சம் பிடித்து 12 டெசிபலைத் தொலைக்கிறார்கள்.

எல்எம்317க்குப் பின்னால் ஒரு கெபாசிட்டர் மல்டிப்ளையர் சேர்த்தால் கதை மாறுகிறது. பிடி139 போன்ற என்பிஎன் டிரான்சிஸ்டர் ஒன்று. கலெக்டரிலிருந்து பேஸுக்கு 1 கிலோ ஓம், பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 470 மைக்ரோ ஃபாரட். எமிட்டரில் அவுட்புட். வடிகட்டும் முனை 0.34 ஹெர்ட்ஸ். 100 ஹெர்ட்ஸில் கணக்குப்படி 49 டெசிபல் தடுப்பு. 1 கிலோஹெர்ட்ஸில் எல்எம்317இன் 1.5 மைக்ரோவோல்ட் ஒரு நானோவோல்ட்டுக்கும் கீழே போய்விடும், மிஞ்சுவது அந்த டிரான்சிஸ்டரின் சொந்த இரைச்சல்தான். பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான எஸ்.பி. ரோட்டில் எல்லாக் கடையிலும் கிடைக்கும் பொருட்களை வைத்து, 1 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே விலை உயர்ந்த ஐசிகளுக்கு நிகரான தரம் கிடைக்கிறது.

விலையாக வோல்டேஜைத் தர வேண்டும். 60 மில்லி ஆம்பியர் லோடு, பீட்டா (கரண்ட் பெருக்கம்) 100 என்றால் பேஸ் கரண்ட் 0.6 மில்லி ஆம்பியர். 1 கிலோ ஓமில் 0.6 வோல்ட் விழும், பேஸ்-எமிட்டரில் 0.7 வோல்ட். மொத்தம் 1.3 வோல்ட் போகும். டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் அளவுக்கு வெப்பத்தோடு நகரவும் செய்யும். டிரெயினுக்கு இது பரவாயில்லை. ஆனால் இதே அவுட்புட்டிலிருந்து கேட் டிவைடரையும் (வோல்டேஜைப் பிரிக்கும் இரண்டு ரெசிஸ்டர்) எடுத்தால், மொட்டைமாடி வெயிலில் கெயின் காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று ஓடும். இன்னொன்று, அவுட்புட் ஷார்ட் ஆனால் 470 மைக்ரோ ஃபாரட்டில் இருக்கும் சார்ஜ் முழுவதும் பேஸ்-எமிட்டர் வழியாகப் பாயும். பேஸுக்கு முன்னால் 22 ஓம் ஒன்று போட்டால் டிரான்சிஸ்டர் பிழைக்கும்.

எல்டி3042 வகை எல்டிஓவின் (குறைந்த வோல்டேஜ் இழப்பில் ஓடும் ரெகுலேட்டர்) பலம் வேறு இடத்தில் இருக்கிறது. 10 ஹெர்ட்ஸ் முதல் 100 கிலோஹெர்ட்ஸ் வரை மொத்தமே 0.8 மைக்ரோவோல்ட். 10 கிலோஹெர்ட்ஸில் 2 நானோவோல்ட்/√ஹெர்ட்ஸ். 1 மெகாஹெர்ட்ஸிலும் 79 டெசிபல் பிஎஸ்ஆர்ஆர் (இன்புட் ரிப்பிளைத் தடுக்கும் அளவு). 200 மில்லி ஆம்பியர் வரை தரும். அதற்கு மேல் வேண்டுமானால் எல்டி3045, 500 மில்லி ஆம்பியர். செட் காலில் 100 மைக்ரோ ஆம்பியர் கரண்ட் வெளியே வரும், அங்கே போடும் ரெசிஸ்டர்தான் வோல்டேஜைத் தீர்மானிக்கும். அவுட்புட் எத்தனை வோல்ட்டாக இருந்தாலும் இரைச்சல் மாறாது என்பது எல்எம்317க்கு இல்லாத குணம்.

இந்த எண்களை நம்பி வாங்கி, பலகையில் பாதி தரத்தைக்கூட எட்டாதவர்கள் ஏராளம். தவறு பெரும்பாலும் இந்த இடங்களில் இருக்கும்.

செட் காலின் கெபாசிட்டர். 0.47 மைக்ரோ ஃபாரட் போட்டால் 10 ஹெர்ட்ஸில் 500 நானோவோல்ட்/√ஹெர்ட்ஸ், 4.7 மைக்ரோ ஃபாரட் போட்டால் 70. ரேடியோமீட்டருக்கு இந்த வித்தியாசம் முக்கியம். ஆனால் அந்த 4.7 மைக்ரோ ஃபாரட்டை எக்ஸ்7ஆர் செராமிக்காகப் போட்டால் அது ஒலிவாங்கி ஆகிவிடும். ஆசிலோஸ்கோப்பை ஏசி கப்ளிங்கில், 1 மில்லிவோல்ட் கட்டத்தில் வைத்து, 1206 அளவு செராமிக் கெபாசிட்டரை ஒரு பென்சிலின் மரப்பக்கத்தால் மெல்லத் தட்டிப் பாருங்கள். நேராக ஓடிய கோடு துள்ளி எழுந்து, சில தடவை மேலும் கீழும் ஆடி அடங்கும். செட் காலில் வரும் எந்த ஆட்டமும் அப்படியே அவுட்புட்டில் வரும். காற்றில் அதிரும் டிஷ் கம்பத்தில் கட்டிய பெட்டிக்குள் இதுதான் நாள் முழுக்க நடக்கும். ஃபிலிம் கெபாசிட்டர் நல்லது. டான்டலம் போடலாம், ஆனால் அதில் 1 மைக்ரோ ஆம்பியர் கசிந்தாலே வோல்டேஜ் ஒரு சதவீதம் தவறும்.

இன்புட் கெபாசிட்டரின் இடம். ஸ்விட்சிங் சப்ளைக்குப் பின்னால் இந்த ஐசியை வைக்கும்போது, இன்புட் காலை ஒட்டியே பெரிய செராமிக் போடுவது வழக்கம். இங்கே அது கெடுதல் செய்யும். ஸ்விட்சிங் கரண்ட் அந்தக் கெபாசிட்டர் வழியாக ஐசிக்குப் பக்கத்திலேயே சுற்றும். அந்த வளையத்தின் காந்தப்புலம் அவுட்புட் வளையத்தில் ஏறிவிடும். உள்ளே 79 டெசிபல் தடுப்பு இருந்தும், பக்கவாட்டில் காற்று வழியே ரிப்பிள் தாண்டிப்போகிறது. கன்வர்ட்டரின் கெபாசிட்டர்களைக் கன்வர்ட்டரிடமே விட்டுவிட்டு, இரண்டையும் சில சென்டிமீட்டர் தள்ளி வைத்தாலே போதும்.

ஃபெரைட் பீடின் ரெசனன்ஸ். பீடை ஒரு மைக்ரோ ஹென்றியாகப் பிடித்தால், பின்னால் வரும் 10 மைக்ரோ ஃபாரட் செராமிக்கோடு சேர்ந்து அது 50 கிலோஹெர்ட்ஸில் மணி அடிக்கும். அங்கே இரைச்சல் குறைவதற்குப் பதிலாகக் கூடும். அந்தச் செராமிக்குக்கு இணையாக 47 மைக்ரோ ஃபாரட்டோடு 0.33 ஓம் தொடரில் போட்டால் அந்த மேடு படுத்துவிடும். தானாகவே அந்த அளவு ஈஎஸ்ஆர் (உள் தொடர் ரெசிஸ்டன்ஸ்) உள்ள எலக்ட்ரோலைட்டிக் இருந்தால் தனி ரெசிஸ்டர்கூட வேண்டாம். பீடின் மேல் எழுதியிருக்கும் கரண்டில் பாதி ஓடினாலே அதன் இம்பீடன்ஸ் வெகுவாக விழுந்துவிடும் என்பதையும் கவனியுங்கள்.

இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் இடையே ஒரு வோல்ட்டுக்கு மேல் விடுங்கள். டிராப்அவுட் 350 மில்லிவோல்ட் என்று இருப்பது, அதற்குக் கீழே போனால் ரெகுலேஷன் கைவிடும் என்று சொல்கிற எல்லை. அந்த எல்லையில் பிஎஸ்ஆர்ஆர் எப்போதோ கரைந்திருக்கும்.

இந்த வகை ஐசிகளை அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடமே வாங்குவது நல்லது. எல்எம்317 தவறான தயாரிப்பாக இருந்தாலும் 5 வோல்ட் கொடுத்துவிடும். 2 நானோவோல்ட்டைக் கையால் தொட்டுச் சரிபார்க்க முடியாது.

பேட்டரியும் ஒரு தேர்வுதான், அளவீட்டுக்கு அதைவிடச் சுத்தமான சப்ளை கிடையாது. மின்சாரம் போய் யுபிஎஸ் ஓடும் நேரங்களில், அதன் ஸ்விட்சிங் குப்பை கிரவுண்ட் வழியாக உள்ளே வராது என்பதும் லாபம். ஆனால் நிரந்தர நிறுவலுக்குக் கேட் பக்கம் பேட்டரி வைப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். டிப்ளீஷன் வகை (அணைக்க நெகட்டிவ் கேட் வேண்டிய) டிரான்சிஸ்டரில் கேட் பேட்டரி தீர்ந்தால் கேட் பூஜ்யத்துக்கு வரும், டிரெயின் முழு கரண்ட் இழுக்கும்.

ஸ்விட்சிங் சப்ளையை மட்டும் நேராகக் கொடுப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாதாரண ரிசீவரில்கூட, பக்கத்தில் ஒரு வலுவான சிக்னல் இருந்தால் அதன் இருபுறமும் ஸ்விட்சிங் ஃப்ரீக்வென்சி தூரத்தில் வால் முளைக்கும். பின்னால் ஒரு லீனியர் ரெகுலேட்டர் கட்டாயம்.

கேட் பக்கம்

இங்கேதான் அதிகக் கவனம் தேவை. செலவு என்னவோ மிகக் குறைவு. எல்என்ஏ கேட் இழுப்பது மைக்ரோ ஆம்பியர் அளவுதான் என்பதால், டிரெயினில் போட முடியாத பெரிய ரெசிஸ்டரை இங்கே தாராளமாகப் போடலாம்.

என்ஹான்ஸ்மென்ட் வகை டிரான்சிஸ்டருக்கு, ஏடிஎஃப்-54143க்கும் அதே இடத்தில் பலர் போடும் எஸ்ஏவி-541க்கும், கேட்டில் 0.59 வோல்ட் அளவு பாசிட்டிவ் வேண்டும். 5 வோல்ட்டிலிருந்து 10 கிலோ ஓம், 1.34 கிலோ ஓம் டிவைடர் போட்டால் அது கிடைக்கும். எல்எம்317இன் 1.5 மைக்ரோவோல்ட், டிவைடர் வழியே கேட்டில் 177 நானோவோல்ட்/√ஹெர்ட்ஸாக வரும். நம் 1.75 ரேடியன் கணக்கில் ஃபேஸ் நாய்ஸ், ஒரு ஹெர்ட்ஸ் அகலத்துக்குக் கேரியருக்கு 133 டெசிபல் கீழே. நல்ல சின்தசைசரை இது நிச்சயம் கெடுக்கும். இப்போது கீழ் ரெசிஸ்டருக்கு இணையாக 100 மைக்ரோ ஃபாரட் போடுங்கள். டிவைடரின் 1.18 கிலோ ஓமோடு சேர்ந்து முனை 1.35 ஹெர்ட்ஸுக்கு வரும். கெபாசிட்டரின் ஈஎஸ்ஆர் ஒரு ஓம் இருந்தாலும் 10 கிலோஹெர்ட்ஸில் 60 டெசிபல் தடுப்பு கிடைக்கும். கேட் வழியாக வரும் இரைச்சல் கணக்கிலிருந்தே மறைந்துவிடுகிறது.

ஆகவே ஐசியை மாற்றுவதற்கு முன் இந்த ஒரு கெபாசிட்டரைப் போட்டுவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அது இல்லாமல் எல்டி3042 போட்டாலும் டிவைடர் ரெசிஸ்டரின் வெப்ப இரைச்சலே 4.4 நானோவோல்ட் இருக்கும், ஐசியின் 2 நானோவோல்ட்டைவிட அதிகம்.

டிவைடரில் டிரிம்பாட் (திருகிச் சரிசெய்யும் ரெசிஸ்டர்) வைத்தால் எந்தக் கையில் வைக்கிறோம் என்பது முக்கியம். டிரிம்பாட்டின் வைப்பர் எப்போதாவது விட்டுப்போகும். என்ஹான்ஸ்மென்ட் வகைக்கு மேல் கையில் வைத்தால், விட்டுப்போகும்போது கேட் பூஜ்யத்துக்கு வந்து டிரான்சிஸ்டர் அணைந்துவிடும். கீழ்க் கையில் வைத்தால் கேட் 5 வோல்ட்டை நோக்கி எகிறி டிரான்சிஸ்டர் செத்துவிடலாம். நெகட்டிவ் கேட் வேண்டிய டிப்ளீஷன் வகைக்கு இது தலைகீழ்: கிரவுண்ட் பக்கக் கையில் வைக்க வேண்டும், அப்போதுதான் விட்டுப்போனால் கேட் முழு நெகட்டிவுக்குப் போய் அணையும். அந்த முழு நெகட்டிவ், கேட்டின் அனுமதி எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டிவைடரின் குறை இது: வேண்டிய கேட் வோல்டேஜ் டிரான்சிஸ்டருக்கு டிரான்சிஸ்டர் மாறும். 60 மில்லி ஆம்பியருக்கு வேண்டிய கேட் வோல்டேஜ் 0.4 முதல் 0.75 வரை எங்கும் இருக்கலாம். ஒவ்வொரு பலகையையும் தனியாகச் சரிசெய்ய வேண்டும். பத்துப் பலகைக்கு மேல் செய்பவர்களுக்கு ஆக்டிவ் பயாஸ்தான் சரி. டிரெயின் லைனில் 10 ஓம் ரெசிஸ்டர், அதில் விழும் 0.6 வோல்ட்டைக் கவனிக்கும் பிஎன்பி டிரான்சிஸ்டர், வெப்பத்தை ஈடுகட்ட அதே உறையில் இரண்டாவது பிஎன்பி. பிசிவி62 போன்ற இரட்டை டிரான்சிஸ்டர் இதற்காகவே பொருந்தும். கரண்ட் ஏறினால் கேட்டைத் தானே இறக்கும்.

ஆக்டிவ் பயாஸில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு ஒன்று உண்டு. பிஎன்பியின் பேஸிலிருந்து கிரவுண்டுக்குப் பைபாஸ் போட்டுவிடுவார்கள். பேஸ் கிரவுண்டோடு கட்டப்பட்டு நின்றால், சப்ளையில் வரும் ஒரு மில்லிவோல்ட் ரிப்பிள் முழுவதும் அந்த 10 ஓமின் மேல் விழும். டிரெயின் கரண்ட் 100 மைக்ரோ ஆம்பியர் ஆடும். பைபாஸே இல்லாமல் விட்டிருந்தால்கூட 12 மைக்ரோ ஆம்பியர்தான் ஆடியிருக்கும். அதே கெபாசிட்டரைப் பேஸிலிருந்து சப்ளை லைனுக்குப் போட்டால், பேஸும் எமிட்டரும் ரிப்பிளோடு சேர்ந்தே நகரும், கரண்ட் அசையாது. ஒரே பாகம், ஒரு முனை மட்டும் வேறு இடம். கூடவே, லூப் ஆசிலேட் ஆகாமல் இருக்கக் கேட் பக்கத்து கெபாசிட்டரை, டிரெயின் பக்கத்து டைம் கான்ஸ்டன்டைவிடப் பத்து மடங்காவது மெதுவாக வையுங்கள்.

ஹெச்எம்சி981 போன்ற தயார் கன்ட்ரோலர்கள் நெகட்டிவ் வோல்டேஜையும் தாங்களே உருவாக்கி, ஆன்-ஆஃப் வரிசையையும் பார்த்துக்கொள்ளும். விலை அதிகம். பல ஸ்டேஜ் உள்ள பலகையில், ஒரு தவறான வரிசை ஆயிரக்கணக்கில் நஷ்டம் தரும் இடத்தில், அந்த விலை நியாயமானதே. ஒற்றை எல்என்ஏவுக்குத் தேவையில்லை.

நெகட்டிவ் வேண்டிய இடத்தில் பழைய ஐசிஎல்7660 (பாசிட்டிவை நெகட்டிவாக மாற்றும் ஐசி) இன்னும் ஓடுகிறது. அதன் ஆசிலேட்டர் 10 கிலோஹெர்ட்ஸ், ரிப்பிள் பத்து இருபது மில்லிவோல்ட் வரும். 1 கிலோ ஓம், 100 மைக்ரோ ஃபாரட் ஒரு படி போட்டால், ஈஎஸ்ஆர் ஒரு ஓம் என்று பிடித்து, 20 மில்லிவோல்ட் 20 மைக்ரோவோல்ட் ஆகும். சைடுபேண்ட் 95 டெசிபல் கீழே போய்விடும். அது போதாத ரேடார் வேலைக்குத்தான் எல்டி3094. எல்டி3045இன் நெகட்டிவ் தம்பி அது, இரைச்சல் அதே 0.8 மைக்ரோவோல்ட்.

எந்த வேலைக்கு எது

சாதாரண ரிசீவர் எல்என்ஏவுக்கு எல்எம்317, அட்ஜஸ்ட் காலில் 10 மைக்ரோ ஃபாரட், கேட்டில் 100 மைக்ரோ ஃபாரட். இதற்கு மேல் செலவழிக்கும் பணத்தை நல்ல ஆர்எஃப் பைபாஸுக்கும், 50 முதல் 200 மெகாஹெர்ட்ஸில் டிரான்சிஸ்டர் ஆசிலேட் ஆகாமல் தடுக்கும் ரெசிஸ்டருக்கும், எஃப்எம் நிலையங்கள் சப்ளை வயர் வழியாக உள்ளே வராமல் தடுக்கும் ஃபீட்த்ரூ கெபாசிட்டருக்கும் போடுங்கள்.

லோக்கல் ஆசிலேட்டர் ஆம்ப்ளிஃபயருக்குக் கேட்டில் அதே ஆர்சி (ரெசிஸ்டர்-கெபாசிட்டர் வடிகட்டி), டிரெயினில் எல்டி3042 அல்லது கெபாசிட்டர் மல்டிப்ளையர். மூலச் சப்ளை ஸ்விட்சிங் என்றால் எல்டி3042, மெகாஹெர்ட்ஸ் தடுப்புக்காக. டிரான்ஸ்ஃபார்மர் என்றால் மல்டிப்ளையரே போதும்.

ரேடியோமீட்டருக்கு ஆர்சி கைகொடுக்காது. அங்கே எதிரி ஒரு ஹெர்ட்ஸுக்கும் கீழே மெல்ல நகரும் கெயின். ஆக்டிவ் பயாஸ், எல்டி3045, செட் காலில் ஃபிலிம் கெபாசிட்டர், பெட்டியை நிழலில் வைப்பது. கடைசியாகச் சொன்னதற்குச் செலவில்லை, பலன் மட்டும் அதிகம்.

ஆன் செய்யும் வரிசை

இரைச்சலைக் குறைக்கும் ஒவ்வொரு கெபாசிட்டரும் கேட்டைத் தாமதப்படுத்துகிறது. டிப்ளீஷன் வகைக்கு இது ஆபத்து. நெகட்டிவ் எல்டிஓவின் செட் காலில் 4.7 மைக்ரோ ஃபாரட் இருக்கிறது, பின்னால் 1 கிலோ ஓம், 100 மைக்ரோ ஃபாரட் இருக்கிறது. அந்த ஆர்சி மட்டுமே முழுதாக நிலைக்க அரை நொடி எடுக்கும். இதற்குள் டிரெயின் வந்துவிட்டால் டிரான்சிஸ்டர் முழு கரண்டில் நிற்கும். 2 வோல்ட்டில் ஓடும் சின்ன ஹெம்ட் டிரான்சிஸ்டர் பெரும்பாலும் தாங்கிவிடும். 8, 10 வோல்ட் டிரைவர் ஸ்டேஜ் தாங்காது.

டிரெயின் எல்டிஓவின் எனேபிள் காலை, கேட் ஆர்சிக்குப் பின்னால் இருக்கும் வோல்டேஜைப் பார்க்கும் கம்பேரேட்டரிடம் கொடுங்கள். ஆர்சிக்கு முன்னால் பார்க்கும் கம்பேரேட்டர், கேட் இன்னும் பூஜ்யத்தில் இருக்கும்போதே டிரெயினைத் திறந்துவிடும். அணைக்கும்போது டிரெயின் முதலில் விழ வேண்டும். டிரெயின் லைனில் பெரிய கெபாசிட்டர்களைக் குறைத்து, 1 கிலோ ஓம் பிளீடர் ஒன்று போட்டு, முதல் தடவை டிரான்சிஸ்டரை ஏற்றாமல் இரண்டு சேனல் ஆசிலோஸ்கோப்பில் ஆன், ஆஃப் இரண்டையும் பாருங்கள். மெயின்ஸ் பிளக்கைப் பிடுங்கியும் ஒரு தடவை பாருங்கள், சுவிட்சில் அணைத்தால் வரும் வரிசை வேறு, மின்சாரம் திடீரெனப் போனால் வரும் வரிசை வேறு.